மவுண்ட் வில்லார்டா, ஆரெத்தூசா அருவியா: பனிக்காலத்தில் கூட்டமாகப் போகிறவர்களுக்கு

எங்கள் கூட்டத்தில் ஆறு பேர். நாலு பேர் பாஸ்டன் பக்கம், இரண்டு பேர் நாஷுவாவில். ஒவ்வொரு ஜனவரியிலும் மார்ட்டின் லூதர் கிங் நாளையொட்டி மூன்று நாள் விடுமுறை வரும். அதற்கு இரண்டு வாரம் முன்பே வாட்ஸாப் குழுவில் பஞ்சாயத்து தொடங்கிவிடும்: இந்தத் தடவை மலைக் காட்சியா, உறைந்த அருவியா? மலை மவுண்ட் வில்லார்டு, அருவி ஆரெத்தூசா. இரண்டும் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், கிராஃபோர்ட் நாட்ச் கணவாயில்தான் இருக்கின்றன. 302ஆம் எண் சாலையில் ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே ஐந்தாறு மைல்தான். ஆனால் பாஸ்டனிலிருந்து காலையில் கிளம்பி இரண்டரை மூன்று மணி நேரம் ஓட்டிப் போகிறவர்களுக்குப் பனிக்காலப் பகல் இரண்டையும் ஏறி இறங்க இடம் கொடுக்காது. டிசம்பர் கடைசியில் நாலேகாலுக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். ஒன்றைத்தான் பிடிக்க முடியும்.

மூன்று பனிக்காலங்களில் ஆரெத்தூசா அருவிக்கு இரண்டு முறை, மவுண்ட் வில்லார்டுக்கு நாலு முறை போயிருக்கிறோம். நான் எந்தக் கட்சி என்பது இந்த எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும். மறைக்கப் போவதில்லை, நான் வில்லார்டு பக்கம். ஆனால் அதற்கு நான் சொல்லும் காரணம் காட்சி இல்லை.

முதலில் எல்லோரும் கேட்கிற விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். வில்லார்டு ஒரு வழி 1.6 மைல், ஆரெத்தூசா ஒரு வழி ஒன்றரை மைல். இரண்டிலும் ஏற்றம் ஆயிரம் அடிக்குள்தான். இரண்டுக்கும் அனுமதிச் சீட்டு என்று எதுவும் வாங்கியதில்லை. இரண்டுக்கும் காலணிக்கு அடியில் மாட்டுகிற மைக்ரோஸ்பைக் வேண்டும். ரப்பர் வளையமும் சங்கிலியும் சிறு இரும்புப் பற்களுமாக இருக்கும் அது, எழுபது எண்பது டாலர். அது இல்லாமல் போகவே போகாதீர்கள். புதுப்பனி முழங்கால் அளவு விழுந்த மறுநாள் போனால், கால் புதையாமல் இருக்கக் காலணியில் மாட்டுகிற அகலமான ஸ்னோஷூ வேண்டும். மற்ற நாட்களில் முன்னே போனவர்கள் மிதித்து மிதித்துப் பாதையைச் சிமென்ட் தரை போல ஆக்கி வைத்திருப்பார்கள், ஸ்பைக் போதும். மலையேறிகள் காலணியில் பூட்டும், நீளமான இரும்புப் பற்கள் கொண்ட கிராம்பான் இரண்டிலும் தேவைப்படவில்லை. பருத்தித் துணி உடம்பில் படக்கூடாது, நனைந்தால் லேசில் காயாது. ஜீன்ஸும் பருத்திதான். இதெல்லாம் எங்கும் கிடைக்கிற தகவல்.

எங்கும் கிடைக்காததாக எனக்குத் தோன்றுகிற ஒன்றைத்தான் நீட்டிச் சொல்லப் போகிறேன். நிற்கிற நேரம்.

முதல் வருஷம் நாங்கள் ஆரெத்தூசாவுக்குப் போனோம். படம் பார்த்து மயங்கித்தான். பெமிஸ் ஓடையின் மேல் ஒரு பாறைச் சுவர், அதன் அகலம் முழுக்கத் தொங்குகிற பனிக்கட்டித் திரை. அதன் உயரம் 140 அடி என்பாரும் உண்டு, 200 அடி என்பாரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் நியூ ஹாம்ப்ஷயரின் மிக உயரமான அருவிகளில் ஒன்று. காலை பத்தரைக்கு வண்டியை நிறுத்தினோம். காரில் இருந்த கணக்குப்படி வெளியே பத்து டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் பன்னிரண்டு செல்சியஸ். தண்டவாளத்தைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். மரங்களுக்கு நடுவே ஒடுக்கமான பாதை. ஓரிடத்தில் வேர்ப்படி, அடுத்த இடத்தில் சமதரை, பிறகு ஓடைக்கு மேலே சரிவை ஒட்டிய ஓரப்பாதை. அந்த ஓரப்பாதையில் நிலத்தடி நீர் கசிந்து கசிந்து உறைந்து, குறுக்கே சாய்வாக ஒரு கண்ணாடிப் பலகை மாதிரி கிடக்கும். பழக்கப்பட்டவர் நாலு எட்டில் கடந்துவிடுவார். பழக்கமில்லாதவர் நின்று, பார்த்து, ஒரு காலை வைத்து எடுத்து, மரத்தைப் பிடித்து, "மச்சான், கை குடுடா" என்று கேட்டு, அப்புறம்தான் கடப்பார். பாதை ஒற்றையடி என்பதால் அவருக்குப் பின்னால் வருகிற எல்லோரும் நிற்க வேண்டும். முன்னால் போனவரும் திரும்பிப் பார்த்து நிற்பார்.

அன்று எங்களோடு ஒரு திருச்சிக்காரர் வந்திருந்தார். அமெரிக்கா வந்து நாலு மாதம். பனியை அதற்கு முன் அலுவலக ஜன்னலிலிருந்து மட்டும்தான் பார்த்தவர். உடம்பு வலுவில் எங்களில் யாருக்கும் குறைந்தவர் இல்லை, வாரம் மூன்று நாள் கிரிக்கெட் ஆடுகிறவர். ஆனால் ஐஸில் கால் வைக்க ஒரு நம்பிக்கை வேண்டும் இல்லையா, அது ஒரே நாளில் வராது. மேலே போய்ச் சேர ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. இதில் நாங்கள் நின்ற நேரம் மட்டும் நாற்பது நிமிடத்துக்குக் குறையாது.

நடக்கும்போது குளிரவே இல்லை. இதுதான் புதிதாக வருகிறவர்களுக்குப் புரியாத சங்கதி. ஏற்றத்தில் உடம்பு அடுப்பு போல எரியும், மைனஸ் பன்னிரண்டிலும் முதுகு நனையும். நின்ற மூன்றாவது நிமிடம் அந்த ஈரம் அப்படியே உங்கள் மேல் திரும்பும். முதலில் முதுகு ஜில்லென்று ஆகும், பிறகு விரல்நுனி மரக்கும். ஜாக்கெட்டை எடுத்துப் போடலாம். போட்டால் அடுத்த ஐந்து நிமிடத்தில் வழி திறந்து மறுபடி நடக்க வேண்டும், வேர்க்கும், கழற்ற வேண்டும். கழற்றி மடித்துப் பையில் வைக்கக் கையுறையைக் கழற்ற வேண்டும். அன்று ஆறு தடவை போட்டுக் கழற்றினேன். கடைசியில் ஜாக்கெட்டின் ஜிப்பைப் பிடிக்க விரலில் உணர்ச்சி இல்லை, பல்லால் இழுத்தேன்.

இதில் வேகமாக நடப்பவர்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார். மெதுவாக வருகிறவர் ஓரளவு அசைந்துகொண்டே இருக்கிறார். முன்னால் போய் வேர்த்துவிட்டு, காற்றில் நின்று காத்திருப்பவர்தான் விறைக்கிறார். அவருக்குக் கோபம் வரும், ஆனால் நண்பனிடம் காட்ட முடியாது. மெதுவாக வருகிறவருக்குக் குற்ற உணர்ச்சி வரும், அவசரப்படுவார், வழுக்குவார். அன்று எங்கள் மதுரைக்காரர் ஒரு வளைவில் இருபது நிமிடம் நின்றுவிட்டு, "நான் முன்னாடி போறேன், நீங்க வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். போனவரை அருவியில்தான் பார்த்தோம். பனிக்காலத்தில் கூட்டம் பிரிவது நல்லதல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் விறைத்துப் போகிறவனைப் பிடித்து நிறுத்தவும் முடியாது.

இப்போது வில்லார்டுக்கு வருகிறேன். கிராஃபோர்ட் டிப்போ என்ற பழைய ரயில் நிலையத்திலிருந்து ஏற வேண்டும். 1891இல் கட்டிய கட்டடம், இப்போது அப்பலாச்சியன் மவுண்டன் கிளப் வைத்திருக்கிறது. பக்கத்திலேயே அவர்களுடைய ஹைலேண்ட் சென்டர் விடுதி. ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் உள்ளே போய்க் கையைச் சூடாக்கிக்கொள்ளலாம். பாதையின் முதல் அரை மைல் சாதாரண மலைப்பாதைதான், கொஞ்சம் மூச்சு வாங்கும். சென்டென்னியல் பூல் என்று ஒரு சின்ன அருவியும் குட்டையும் வரும், அது உறைந்து பால்திரட்டு மாதிரி நிற்கும். அதைத் தாண்டிச் சற்று மேலே போனதும் பாதை சட்டென்று அகலமாகும். காரணம் வரலாற்றில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே இருந்த விடுதியின் விருந்தாளிகளைக் குதிரை வண்டியில் உச்சிக்கு ஏற்றிப் போகப் போட்ட சாலை அது. குதிரை வண்டி செங்குத்தாக ஏறாது. ஆகையால் சாய்வு சீராக, வளைந்து வளைந்து, மேலே வரை ஒரே மாதிரி போகும். வண்டி போனதால் அகலமும் உண்டு.

ஒரு மலைப்பாதையைப் பற்றிச் சொல்ல இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எனக்கு எல்லாமே இதில்தான் இருக்கிறது. அகலமாக இருப்பதால் இருவர் இருவராகப் பேசிக்கொண்டு நடக்கலாம். ஒருவர் காலணிக் கயிறு கட்ட நின்றால் மற்றவர் சுற்றிக்கொண்டு போகலாம், யாரும் நிற்க வேண்டியதில்லை. சாய்வு சீராக இருப்பதால் வேகமானவருக்கும் மெதுவானவருக்கும் உள்ள இடைவெளி கூடிக் கூடிப் போகாது. இதைவிட முக்கியம், முன்னால் போனவர் குளிர்ந்தால் திரும்பி இறங்கிவந்து நம்மோடு சேர்ந்து மறுபடி ஏறலாம். மதுரைக்காரர் வில்லார்டில் அதைத்தான் செய்கிறார். ஒரே மலையை ஒன்றரைத் தடவை ஏறுகிறார், அவருக்கும் சந்தோஷம், எங்களுக்கும் நிம்மதி. ஆரெத்தூசாவின் ஓரப்பாதையில் எதிரே ஒருவர் வந்தாலே ஒதுங்க இடம் தேட வேண்டும்.

அதே திருச்சிக்காரரோடு அடுத்த வருஷம் வில்லார்டு ஏறினோம். அவரோடு இன்னும் இரண்டு புதியவர்கள். ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். நின்றது மொத்தம் பத்து நிமிடம் இருக்கும், அதுவும் தண்ணீர் குடிக்க. ஜாக்கெட் ஒரே ஒரு தடவைதான் பையிலிருந்து வெளியே வந்தது, உச்சியில். அவர் ஒரு வருஷம் பழகியிருந்தார், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூட வந்த இரண்டு புதியவர்களும் அவருடைய பழைய வேகத்தைவிட நன்றாகவே ஏறினார்கள்.

திரும்பிப் போகிற வசதியும் இதில் அடக்கம். கூட்டத்தில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் வில்லார்டில் எந்த இடத்திலும், "நீ இறங்கு, நான் கூட வர்றேன்" என்று ஒருவர் துணைக்கு இறங்கினால் போதும். வழி ஒன்றே, அகலம், எப்போதும் ஆள் நடமாட்டம் உண்டு, கீழே கதகதப்பான கட்டடம் இருக்கிறது. ஆரெத்தூசாவிலும் வந்த வழியே திரும்பலாம்தான். ஆனால் கீழே காத்திருப்பது வெறும் கார். சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியிலேயே பாதிப் பயணங்கள் கெட்டிருக்கின்றன. இப்போதெல்லாம் சாவியை மெதுவாக நடப்பவரிடம் கொடுத்துவிடுகிறோம்.

சரி, போய்ச் சேர்ந்த பிறகு என்ன? அங்கேயும் நிற்கத்தானே போகிறோம், அதுவும் வேண்டும் என்றே.

வில்லார்டின் உச்சி சுமார் 2,850 அடி. இந்த மலைகளின் கணக்கில் குள்ளம். மரங்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பீர்கள், ஒரு நொடியில் மரம் முடிந்து வானம் வந்துவிடும். தெற்கு நோக்கிய பாறைத் திண்ணை. கீழே ஆயிரம் அடிக்கும் மேல் ஆழத்தில் கணவாய். பனியாறு குடைந்த பள்ளத்தாக்கு அது, இரண்டு பக்கமும் வளைந்து எழும்பி, ஒரு பெரிய தொட்டிலின் குறுக்குவெட்டு மாதிரி இருக்கும். இடது பக்கம் மவுண்ட் வெப்ஸ்டர், வலது பக்கம் மவுண்ட் வில்லி, நடுவே 302 சாலை ஒரு பென்சில் கோடு. வலப்பக்கச் சரிவின் மேல் தண்டவாளம், 1875இல் போட்டது. அந்த வில்லி என்ற பெயர் ஒரு குடும்பத்தின் பெயர். 1826 ஆகஸ்டில் பெருமழையில் மலை சரிந்து வந்தபோது சாமுவேல் வில்லியும் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் இரண்டு வேலையாட்களும் வீட்டை விட்டு வெளியே ஓடினார்கள். ஒன்பது பேரும் இறந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பாறை சரிவை இரண்டாகப் பிளந்து விட்டதால் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது இதை யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. சொன்னதும் எல்லோரும் ஒரு நிமிடம் வலதுபக்கச் சரிவைப் பார்ப்போம்.

தெற்கு நோக்கிய திண்ணை என்றேன். அதனால் பனிக்கால வெயில் முகத்துக்கு நேரே விழும். இங்கே பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வருகிற காற்றுக்கு முதுகுப்புற மரங்கள் ஓரளவு தடுப்பு. நாலு தடவையில் மூன்று தடவை அங்கே இருபது நிமிடம் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறோம். நாலாவது தடவை காற்று கணவாயின் உள்ளே சுழன்று மேலே அடித்தது. மூன்று நிமிடத்தில் மரங்களுக்குள் ஓடிவிட்டோம். இரண்டு எச்சரிக்கை: திண்ணையின் விளிம்பு பனிக்கட்டியோடு சரிந்து பள்ளத்தில் முடிகிறது, ஸ்பைக்கைக் கழற்றாதீர்கள், விளிம்பிலிருந்து இரண்டு ஆள் நீளம் பின்னாலேயே இருங்கள். இன்னொன்று படம் எடுப்பவர்களுக்கு. நண்பகலில் சூரியன் கேமராவுக்கு நேரே இருக்கும், பள்ளத்தாக்கு வெளிறிப் போகும். படத்துக்காகவே போகிறவர்கள் வேறு நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆரெத்தூசாவுக்கு இப்போது நியாயம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மதுரைக்காரர் என்னோடு பேச மாட்டார். அவர் அந்தக் கட்சி.

மரப்பாலங்களைத் தாண்டி, கொஞ்சம் ஏறி, கடைசியில் அருவியின் அடிக்கு இறங்குகிற அந்தச் சிறு சரிவில் முதலில் கேட்கிறது மௌனம். கோடையில் தூரத்திலிருந்தே இரைச்சல் கேட்குமாம். ஜனவரியில் அருகே போகும் வரை ஒன்றுமில்லை. அப்புறம் திரை தெரியும். வெள்ளை என்று நினைத்துப் போனால் வெள்ளை கொஞ்சம்தான். காற்றுக் குமிழ் அதிகம் உள்ள இடம் வெள்ளை. கெட்டியாக உறைந்த இடம் நீலம், தடித்த பனிக்கட்டி சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் வரும் நீலம். ஓரத்தில் காட்டுச் சருகு ஊறிய தண்ணீர் கசிந்து உறைந்த இடமெல்லாம் தேன் நிறம், சில தூண்களில் கடுங்காப்பி நிறம். கையுறையைக் கழற்றி ஒரு தூணில் காது வைத்துக் கேட்டோம். உள்ளே தண்ணீர் ஓடுகிறது. பானைக்குள் யாரோ மெதுவாகப் பேசுவது போல ஒரு சத்தம். வில்லார்டில் எனக்கு அப்படி ஒரு அனுபவம் கிடைக்கவில்லை. கிடைக்கவும் கிடைக்காது.

நாங்கள் போன இரண்டாவது தடவை, கயிறும் இரண்டு கையிலும் ஐஸ் கோடரியுமாக ஒரு பெண் அந்தத் திரையில் ஏறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கொத்துக்கும் பனிச்சில்லுகள் கண்ணாடி வளையல் உடைகிற சத்தத்தோடு கீழே வந்தன. கீழே அவருக்குக் கயிறு பிடித்திருந்தவர் எங்களைக் கை காட்டித் தள்ளி நிற்கச் சொன்னார். அது மரியாதைக்குச் சொன்னதல்ல, உண்மையான ஆபத்து. ஏறுபவர் இல்லாவிட்டாலும் வெயில் பட்டு இளகுகிற மதியத்தில் மேலிருந்து துண்டுகள் கழன்று விழும். தூண்களுக்குப் பின்னால் புகுந்து படம் எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

அந்த இடம் ஒரு கிண்ணம் போல. காற்று குறைவு, அது நல்லது. ஆனால் நாங்கள் போன இரண்டு முறையும் நண்பகலுக்குப் பிறகு வெயில் கிடைக்கவில்லை. ஈரக் குளிர், உட்கார உலர்ந்த இடமும் இல்லை. பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் தாக்குப்பிடிக்கவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் ஏறி, பத்து நிமிடம் பார்த்து, அதே கண்ணாடிப் பலகைகளை இறக்கத்தில் கடக்க வேண்டும். இறக்கத்தில் அவை இரண்டு மடங்கு பயம். திருச்சிக்காரர் சில இடங்களில் உட்கார்ந்தே நகர்ந்து இறங்கினார். அவருடைய ஜீன்ஸின் கதி என்ன ஆனது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆமாம், ஜீன்ஸ். நாங்கள் சொல்லியும் கேட்கவில்லை.

அருவி பார்த்தே ஆக வேண்டும், ஆனால் கூட்டத்தில் புதியவர்கள் இருக்கிறார்கள் என்றால் ஒரு குறுக்குவழி சொல்கிறேன். வில்லார்டு ஏறிவிட்டு வண்டியில் 302இல் தெற்கே கொஞ்சம் இறங்குங்கள். கணவாயின் வாசலைத் தாண்டியதும் இடதுபக்கம், மவுண்ட் வெப்ஸ்டர் பக்கத்திலிருந்து ஃப்ளூம் கேஸ்கேடும் சில்வர் கேஸ்கேடும் அடுத்தடுத்து சாலையோரத்துக்கே வந்து விழுகின்றன. உறைந்து நிற்பதைக் காரிலிருந்து இறங்கியே பார்க்கலாம். ஆரெத்தூசாவுக்கு ஈடில்லை. தூணில் காது வைத்துக் கேட்கிற அளவுக்குப் பக்கத்தில் போக நான் முயன்றதும் இல்லை. ஆனால் மலைக் காட்சி, உறைந்த அருவி இரண்டும் ஒரே நாளில் கிடைத்துவிடும்.

ஆரெத்தூசாவிலிருந்து ஃபிராங்கன்ஸ்டைன் பாறை வழியாக வட்டமடித்துத் திரும்புகிற பாதை ஒன்று உண்டு, ஐந்து மைலுக்குச் சற்றே குறைவு. அருவியும் காட்சியும் சேர்ந்தே கிடைக்கும் என்பார்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பேய்க்கதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, காட்ஃப்ரி ஃபிராங்கன்ஸ்டைன் என்ற ஓவியரின் பெயர். நான் அதைக் கோடையில்தான் நடந்திருக்கிறேன். பாறைப் பக்கம் செங்குத்து. கோடையில் என் முட்டிக்கு அது போதுமானதாக இருந்தது. பனியில் போனவன் போல இங்கே எழுத மாட்டேன். ஆனால் வட்டப்பாதை என்றாலே பாதி வழி வந்தபின் திரும்புவதும் முன்னேறுவதும் ஒரே தூரம் ஆகிவிடும். மேலே நான் புலம்பிய காரணங்களுக்காகவே புதியவர்களோடு அதைத் தொட மாட்டேன்.

மூன்றாவதாக ஒரு போட்டியாளரையும் சொல்ல வேண்டும். கங்கமாகஸ் சாலையில் சாம்ப்னி அருவி. இதுவும் ஓவியர் பெயர்தான், பெஞ்சமின் சாம்ப்னி. அங்கே ஒரே ஒரு முறை, அதுவும் பனி குறைவான ஒரு டிசம்பரில் போனேன். வாகன நிறுத்தத்துக்கு 5 டாலரை உறையில் போட்டோம். பாதை சாது, அருவிக்குப் பக்கத்திலேயே பிட்ச்சர் அருவி என்று ஒரு இடுக்கில் உயரமான பனிச்சுவர் நிற்கிறது, அழகு. ஒரு தடவைப் பழக்கத்தை வைத்து இந்த இரண்டோடு எடை போட எனக்கு மனம் வரவில்லை. அன்று நாங்கள் மூன்றே பேர், எல்லோரும் பழகியவர்கள். நிற்கிற நேரம் என்ற என் அளவுகோலே அங்கே வேலை செய்யவில்லை. இரண்டு மூன்று பேராகப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்படாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே வேகத்தில் நடக்கிற இருவர் என்றால் யோசிக்காமல் ஆரெத்தூசாவுக்குப் போங்கள்.

செலவில் ஒன்று மட்டும். நியூ ஹாம்ப்ஷயரில் கவனக்குறைவால் மாட்டிக்கொண்டு மீட்பு ஆட்களை வரவழைத்தால் அதற்கான செலவை நம்மிடம் வசூலிக்கச் சட்டம் இருக்கிறது. மாநில மீன், வேட்டைத் துறை விற்கிற ‘ஹைக் சேஃப்’ அட்டையை ஆண்டுக்கு 25 டாலருக்கு வாங்கி வைத்தால் கவனக்குறைவுக்கான அந்தப் பில்லிலிருந்து விலக்கு. வேண்டுமென்றே அசட்டுத் துணிச்சல் காட்டியிருந்தால் அட்டை காப்பாற்றாது. நாங்கள் ஆறு பேரும் வாங்கிவிட்டோம்.

சாப்பாடு பற்றிக் கேட்பவர்களுக்கு: முதல் வருஷம் புளியோதரை கொண்டுபோனோம். அருவியடியில் டப்பாவைத் திறந்தால் நல்லெண்ணெய் உறைந்து சோறு முழுக்கச் சரளைக்கல். இட்லி ரப்பர் பந்தாகிவிடும். இரண்டு வருஷ ஆராய்ச்சியில் தேறியது மிளகாய்ப்பொடி தடவிச் சுருட்டிய சப்பாத்தி. அதையும் ஜாக்கெட்டின் உள்பையில், உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும். கடலை மிட்டாய் கல்லாகும், ஆனால் வாயில் அடக்கிக்கொள்ளலாம். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகச் சொருகுங்கள். ஐஸ் மேலே மிதந்துதான் உறையும், தலைகீழாக இருந்தால் மூடிப்பக்கம் திறந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஸ்பைக்கைத் துடைத்துக் காயவைத்துவிட்டுத் தூங்குங்கள். ஈரத்தோடு பையில் விட்ட என் முதல் ஜோடி மார்ச்சில் துருப்பிடித்த மீன்முள் மாதிரி இருந்தது.

இந்த ஜனவரிக்குப் பேச்சு முடிந்துவிட்டது. ஆறு பேரில் ஒருவருடைய தம்பி கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்திருக்கிறான், அவனும் அவனுடைய அறைத்தோழனும் வருகிறார்கள். ஆக எட்டுப் பேர், அதில் இரண்டு பேர் புத்தம் புதுசு. வில்லார்டு என்று நான் குழுவில் போட்டேன். மதுரைக்காரர் ஒரு மணி நேரம் பதிலே போடவில்லை. அப்புறம், "சரி. ஆனா பிப்ரவரியில நானும் நீயும் மட்டும் ஆரெத்தூசா. கால் மரத்துப்போற வரைக்கும் அங்கேயே நிப்போம்" என்று வந்தது. கட்டைவிரல் உயர்த்திவிட்டேன். தம்பிப் பையனுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினேன்: "தம்பி, ஜீன்ஸ் மட்டும் வேண்டாம்."